வளித்தூரிகை: முதற் கருவியைத் தெரிதல்

தூரிகை என்றதும் ஒரு கோலும் அதன் முனையிற் கட்டிய மயிரும் நம் கண்முன் வருகின்றன. பழந்தமிழர் அதனை வட்டிகை என்றும் துகிலிகை என்றும் வழங்கினர். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்றனர். வண்ணந் தீட்டாது கோட்டினால் மட்டும் வரைந்ததனைப் புனையா ஓவியம் என்றனர். இத்துணைச் சொல்வளமுடைய நம் மொழியிலே, மயிரே இல்லாத தூரிகை ஒன்றுக்கு மட்டும் இன்னும் நிலைத்த பெயர் அமையவில்லை. காற்றின் விசையினால் வண்ணத்தை நுண்டுளிகளாக்கித் தூவும் அக்கருவியைக் கடைகளில் எயார்பிரஷ் என்கின்றனர். வளி என்னும் சொல் நம் பாடசாலை நூல்களிற் பயின்றுவருவது. ஆதலின் யான் இதனை வளித்தூரிகை என்றே ஈண்டு வழங்குவேன்.

பெயர் புதிதாயினும் செயல் மிகப் பழையது. பாறையிலே கையை வைத்து, அதன்மீது காவி நிறத்தை ஊதி, கையின் வடிவை வெறுமையாகப் பதித்துச் சென்றனர் ஆதிமக்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகைகளிலுள்ள அத்தகைய கைப்பதிவுகள் சில 40,000 ஆண்டு அளவிற் பழைமையுடையன என ஆய்வாளர் கணித்துள்ளனர். வாயின் வேலையைக் கருவிக்குக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தவரான அப்னர் பீலர். 1870களின் இறுதியில் அவர் அதனை ஆக்கினார். 1893இல் சார்ள்ஸ் பேர்டிக் என்னும் நீர்வண்ண ஓவியர், கருவியின் தலைக்குள்ளேயே வளியும் வண்ணமும் கலக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் நாம் காண்பவற்றுட் பெரும்பாலன அதன் வழித்தோன்றல்களே.

தமிழ் படிப்பிப்பவனுக்கும் இதற்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். என் மகன் வெளிநாடு சென்றபோது, திறவாத மாதிரிக் கப்பற் பெட்டி ஒன்றைப் பரண்மீது விட்டுச் சென்றான். ஒரு விடுமுறையில் அதனைத் திறந்தேன். அன்று தொற்றிய பழக்கம் இன்றும் விட்டபாடில்லை. அப்பழக்கத்தை அறிந்துதான், சென்ற சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்திலே, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

அவன் கையிலே ஹரிகேன் போர்விமானத்தின் மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. அளவு 72இல் ஒரு பங்கு. உண்மை விமானத்தின் சிறககலம் ஏறக்குறைய 12.2 மீற்றர், மாதிரியிலோ 17 சென்ரிமீற்றர். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி சப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழுந்து எதிர்த்தவை ஹரிகேன்கள். அவன் அப்பப்பா அந்நாளில் திருகோணமலையிற் சிறுபிள்ளை. இப்பொழுது தொண்ணூறைக் கடந்த முதியவர். அவர் கண்ணொளி மாதந்தோறும் மங்கிவருகின்றது.

“அவருக்குக் கண் தெரியும்போதே செய்து கொடுத்துவிட வேண்டும், ஐயா. எந்த எயார்பிரஷை வாங்க?” என்று கேட்டான். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த கைவிசேடப் பணம் அவனிடம் இருந்தது. ஒரு முறைதான் வாங்கலாம். தவறினால் மறுமுறை வாங்கப் பணமில்லை, காலமும் இல்லை.

இரு பிழைகள்

அவனுக்கு விடை கூறுமுன், யான் செய்த பிழைகள் இரண்டினைச் சொன்னேன்.

முதலாவது, மலிவைத் தெரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே அதே ஏப்பிரல் 9இல் மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலே பரணிலிருந்த மாதிரி. அதற்கு வண்ணமிட, கடையிற் கிடைத்தவற்றுள் விலை மிகக் குறைந்த கருவியையும், அடைத்த வாயுக் குப்பி ஒன்றையும் வாங்கினேன். அக்கருவியில் வளி ஒரு குழலால் வரும். வண்ணம் வேறொரு குழலால் வரும். இரண்டும் வெளியே சந்தித்துச் சிதறும். துளிகள் பருமனாகவே விழுந்தன. குப்பியோ, வாயு வெளியேற வெளியேறக் குளிர்ந்து, உள்ளமுக்கம் குறைந்து, பாதி வேலையில் இருமத் தொடங்கியது. கப்பலின் பக்கமெல்லாம் அம்மைத் தழும்பு போலாயிற்று.

இரண்டாவது, அருமையைத் தெரிந்தது. மலிவு கெடுத்தது, விலையுயர்ந்தது காக்கும் என எண்ணி, 0.2 மில்லிமீற்றர் நுனியுடைய நுண்கருவி ஒன்றை வரவழைத்தேன். மயிரிழை போன்ற கோடு இழுக்க வல்லது அது. ஆயின் வண்ணம் சற்றே தடித்தாலும் அடைத்துக்கொள்ளும். அதன் நொசில், அஃதாவது நுனிக்குழல், அரிசி மணியளவினது. திருகித் திருகிப் பூட்டுவது. கழுவியபின் வேண்டுமளவுக்கு மேல் ஒரு திருகு திருகினேன், திருகுசுரையோடு முறிந்தது. அது 2022ஆம் ஆண்டு. ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டிய காலம். அம்மணியளவான உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தேன்.

ஏட்டிலெழுதப் பழகும் பிள்ளைக்கு மழுங்கிய எழுத்தாணியைக் கொடுத்தால் எழுத்துப் பதியாது; மிகக் கூரியதைக் கொடுத்தால் ஓலை கிழியும். கற்பவன் கைக்குக் கற்பிக்கும் கருவியே வேண்டும். முதல் வளித்தூரிகையைத் தெரிவதற்கு இதனினும் வேறான விதி யான் அறியேன்.

உயிரும் மெய்யும்

வண்ணக்கோல் இருக்க இக்கருவி எதற்கு என்னும் வினாவும் எழும். கணக்கொன்று போட்டால் விளங்கும். மயிர்த்தூரிகை விட்டுச்செல்லும் வரம்பு ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு உயரம் என்க. 72 மடங்கு பெருக்கினால் அது 7.2 மில்லிமீற்றர் ஆகும். உண்மை விமானத்தின் சிறகிலே விரற்பருமனில் அத்தகைய வரம்புகள் ஓடினால் யார் அதனை விமானம் என்பர்? சிறியதைப் பெரியதாகக் காட்டுங் கலையில், பூச்சின் மென்மையும் அளவுக்குள் அடங்கவேண்டும். மேலும், தெளித்த வண்ணத்தின் ஓரம் மெல்ல மெல்ல மங்கி அடுத்த நிறத்தோடு கலக்கும். உண்மை விமானங்கள் பலவற்றிலும் மறைப்பு வண்ணம் அவ்வாறே தெளிக்கப்பட்டது.

கருவியின் உள்ளமைப்பு எளியது. நடுவிலே நீண்ட ஊசி ஒன்று கிடக்கும். அதன் கூர் நொசிலின் துவாரத்தை அடைத்து நிற்கும். நொசிலைச் சுற்றி வளி விரைந்து பாயும். விரையும் வளியின் அமுக்கம் குறைவதால் வண்ணம் வெளியே இழுக்கப்படும். இழுக்கப்பட்டது துகளாகச் சிதறும். ஊசியைப் பின்வாங்கினால் வண்ணம் மிகும்; முன்தள்ளினால் குறையும்.

இலக்கணம் பயில்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். எழுத்தொலிகளின் பிறப்பைத் தொல்காப்பியம் உந்தியினின்று எழும் வளியிலே தொடங்கும். வளியை உயிரென்றும் வண்ணத்தை மெய்யென்றும் கொள்க. உயிரின்றி மெய் இயங்காது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும். வளித்தூரிகையிலோ வளி முன்னே வந்து இறுதியிலே போகவேண்டும். வண்ணத்தை நிறுத்துமுன் வளியை நிறுத்தினால், நுனியில் தங்கிய துளி அடுத்த தெளிப்பிலே பொட்டென விழும்.

தெரியும் முறை

இனி அவனுக்குக் கூறியவற்றைத் தொகுத்துரைப்பேன்.

முதலில் விரலசைவைப் பார்க்க. ஒற்றைச் செயற் கருவியில் குமிழை அமுக்கினால் வளி வரும்; வண்ணத்தின் அளவு முன்னரே திருகி வைத்தபடி நிற்கும். பெரிய பரப்பில் ஒரே நிறம் பூசுவோர்க்கு அது போதும். இரட்டைச் செயற் கருவியில் குமிழை அமுக்க வளியும், அதே குமிழைப் பின்னிழுக்க வண்ணமும் வரும். முதல் வாரம் விரல் தடுமாறும். ஆயினும் மாதிரி விமானஞ் செய்வோன் இதிலேயே தொடங்குதல் நன்று. ஒற்றைச் செயலிற் பழகியவன் பின்னர் விரலை மறுபடி பழக்க நேரும்.

அடுத்து, வண்ணம் இறங்கும் வழி. மேலே கிண்ணம் உள்ளதில் வண்ணம் தன் நிறையாலேயே இறங்கும். கீழே சாடி உள்ளதில் உறிஞ்சப்பட்டு ஏறும். சாடி பெரிது, நிறங்களைச் சாடியோடு மாற்றலாம், ஆயின் அமுக்கம் மிகுதியாக வேண்டும். 17 சென்ரிமீற்றர்ச் சிறகுக்குச் சில துளிகளே போதும். ஆகவே மேற்கிண்ணமே ஏற்றது.

மூன்றாவது, ஊசியின் அளவு. 0.2 நுண்கோட்டுக்கு உரியது. 0.5 அடிப்பூச்சுக்கும் அகன்ற பரப்புக்கும் உரியது. இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 அல்லது 0.35 மில்லிமீற்றர் இரு வேலையையும் ஓரளவு செய்யும்; அடைப்பும் குறைவு. உலோக நிற வண்ணங்களின் துகள் பருமனானது என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, கழற்றிப் பூட்டும் எளிமை. நுண்திருகுள்ள நொசிலினும், கையாற் பொருத்தித் தலைமூடியால் இறுக்கும் நொசில் கற்பவன் கையிற் பிழைக்கும். உள்ளேயுள்ள வளையங்கள் றப்பராயின் கரைப்பான் பட்டு ஊதிக் கெடும். டெஃப்லோன் ஆயின் தாங்கும். கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன், “இதற்கு ஊசியும் நொசிலும் தனியே கிடைக்குமா?” என்று கேட்கவேண்டும். அமெரிக்காவின் பாஷே 1904 தொட்டும், சப்பானின் ஐவாட்டா 1926 தொட்டும் நடந்துவரும் நிறுவனங்கள். அவை போன்றவற்றின் நடுத்தரக் கருவிகளுக்கு உதிரிப்பாகம் பெறுதல் எளிது. பெயரில்லாக் கருவிகளுள்ளும் நல்லன உள. ஊசி வளைந்த அன்று அவற்றுள் எது அனாதை என்பது தெரிந்துவிடும்.

பணத்தைப் பங்கிடல்

கருவிக்கே பணம் முழுவதையும் செலவிடுதல் பலர் செய்யும் தவறு. குழலிசைக்க மூச்சு வேண்டுமன்றோ? கொம்பிரசர் என வழங்கும் காற்றமுக்கிக்கும் அதன் உறுப்புகளுக்கும் பாதிக்குக் குறையாத பங்கை ஒதுக்கவேண்டும். சிறு தாங்கி உடையதாயின் வளி துடிப்பின்றி ஒரே சீராக வரும். அமுக்கச் சீராக்கியும் அமுக்கமானியும் இன்றியமையாதன. மாதிரி வேலைக்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அமுக்கம் பெரும்பாலும் போதும்.

நம் நாட்டுக்குரிய தேவை ஒன்றும் உண்டு. நமது காற்று ஈரமானது. அமுக்கிய வளியில் நீர் திரளும். அது குழாய்வழி வந்து சிறகிலே துப்பும். எனவே நீரைப் பிடித்து நிறுத்தும் குப்பியைக் குழாயில் இணைத்தே ஆகவேண்டும். மழை நாளில் லக்கர் வண்ணம் தெளித்தால் வெண்மை பூக்கும். தொடங்குவோர்க்கு நீரிற் கலக்கும் அக்ரிலிக் வண்ணமே நன்று. ஆயினும் அதன் துகளும் நெஞ்சுக்கு ஆகாது. யன்னலைத் திறந்துவைத்து, தகுந்த வடிகட்டியுள்ள முகமூடி அணிந்தே தெளிக்கவேண்டும். முகமூடிக்குப் பணமில்லை என்பானுக்குக் கருவிக்கும் பணமில்லை என்றே கொள்க.

மாணவன் பணத்தை எண்ணினோம். நடுத்தரமான இரட்டைச் செயற் கருவி ஒன்று, 0.3 மில்லிமீற்றர் ஊசி, மேற்கிண்ணம், தாங்கியோடு கூடிய சிறு காற்றமுக்கி, முகமூடி, மிகுதிக்கு நான்கு குப்பி வண்ணம். அவன் முதலில் விரும்பிய நுண்கருவி கைநழுவிற்று. முகம் சற்றே வாடினான்.

பயிற்சியும் பயனும்

ஒரு வாரம் விமானத்தைத் தொடவிடவில்லை. பழைய புதினத்தாளிலே புள்ளி, பின் கோடு, பின் தடித்து மெலியும் கோடு. ஏடு தொடங்கிய பிள்ளை மணலில் எழுதுவது போன்றதே இதுவும். வண்ணம் பால்போல் நீர்த்திருக்கவேண்டும். கிண்ணத்தின் சுவரில் வழியும்போது மெல்லிய படலம் விட்டு இறங்கவேண்டும். நிறம் மாற்றுந்தோறும் கழுவுதல், வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடைத்தல் ஆகியவற்றையும் பழக்கினேன். கருவி கெடுவது வேலையாலன்று, உலர்ந்த வண்ணத்தால்.

1942இல் அமெரிக்கக் கடற்படை, வானத்தில் நண்பரையும் பகைவரையும் பிரித்தறியும் பயிற்சிக்காக, பாடசாலை மாணவரிடம் இதே 72இல் ஒரு பங்கு அளவில் 500,000 மரமாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. அச்செய்தியைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. தன் வயதுடையார் செய்த வேலைகளுள் தன் வேலையும் ஒன்று என்று எண்ணினான் போலும்.

வெளிறிய நிறத்தை முன்னும் அடர்ந்த நிறத்தைப் பின்னும் பூசுவது வழக்கம். ஆகவே விமானத்தின் அடிப்பக்கமே முதலில் வந்தது, வெளிறிய பசுநீலம். அவன் அவசரத்திலே மிக நெருங்கி, மிக நீர்த்த வண்ணத்தைத் தெளித்தான். அது சிலந்திக்கால் போல் ஓடிப் படிந்தது.

“அடிப்பக்கந்தானே, ஐயா. நிறுத்தி வைத்தால் யார் காண்பார்? அப்பப்பாவுக்கு நாள் போகிறது” என்றான்.

“தம்பி, நீர் அதனை மதுசாரத்தாற் துடைத்துவிட்டு நாளை மறுபடி தெளியும்” என்றேன்.

அவன் ஒன்றும் பேசாமற் துடைத்தான். அன்றிரவு எனக்கு உறக்கம் நன்றாக வரவில்லை. முதியவர் ஒருவரின் கண்ணொளியிலே இரண்டு நாள்களை, ஆசிரியப் பிடிவாதத்துக்காகச் செலவிட்டுவிட்டேனோ என்று எண்ணினேன். மெல்லிய பூச்சு மூன்று, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக. பின் மேற்பக்கத்துக்கு மண்ணிறமும் கரும்பச்சையும். குற்றமற்றது என்று சொல்லேன். இடச் சிறகில் ஓரிடத்தே பச்சை எல்லை கடந்திருந்தது.

திருகோணமலை சென்று திரும்பியதும் அவன் நேரே என்னிடம் வந்தான். முதியவர் யன்னலோரம் இருந்து, விமானத்தைக் கையில் வாங்கி, விரலால் ஒருமுறை தடவியிருக்கிறார். பின்னர் அதனைத் தலைகீழாகத் திருப்பிக் கண்ணுக்கு மிக அருகிற் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

“எனக்கு மேற்பக்கம் தெரியாது, ராசா. நாங்கள் ஓடி ஒளிக்கேக்கை அண்ணாந்து பார்த்தது இந்த வயிற்றுப் பக்கத்தைத்தான்” என்றாராம்.

யான் விடையொன்றும் கூறவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து துணியிற் சுற்றிய ஊசியை எடுத்து, முனை வளைந்திருக்கிறதா என வெளிச்சத்திலே பார்த்துத் தருமாறு கேட்டான். வளையவில்லை.

இப்பொழுது அவன் மனத்திலே வேறொரு விமானம் இருக்கின்றது. 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி கொக்கலையிலிருந்து பறந்து, சப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பிய கற்றலினா கடல்விமானம். 72இல் ஒரு பங்கிலும் அதன் சிறகு 44 சென்ரிமீற்றர் நீளும். அத்துணைப் பரப்புக்கு 0.3 மில்லிமீற்றர் போதுமா, 0.5 வேண்டுமா என்று கேட்கின்றான். இம்முறை விடையை அவனே கூறட்டும் என்று விட்டுவிட்டேன்.